கரிசல் மண்ணில் ஒலித்த நாயனம்

குட்டி நண்பர்களே! கல்யாண வீட்டுக்குப் போயிருப்பீர்கள். வாசலில் வாழை மரம், பன்னீர், சந்தனம், கற்கண்டு எல்லாம் இருக்கும். உள்ளே ஒரு ஓரமாக மேடை. அதில் நாதஸ்வரமும் தவிலும் ஒலித்துக் கொண்டிருக்கும். ஆனால், அதை யார் உட்கார்ந்து கேட்கிறார்கள்? பெரியவர்கள் ஊர்க்கதை பேசிக் கொண்டிருப்பார்கள். நீங்கள் ஓடிப்பிடித்து விளையாடிக் கொண்டிருப்பீர்கள். தாலி கட்டும் நேரத்தில் கெட்டி மேளம் முழங்கும்போதுதான் எல்லோரும் மேடைப் பக்கம் திரும்புவார்கள்.

ஆனால், ஒருவர் வாசிக்க வருகிறார் என்றால் மட்டும் கதையே வேறு! அவருடைய நாயனத்தைக் கேட்பதற்காகவே ஜனங்கள் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து கூடுவார்கள். அவர் வாசிக்கத் தொடங்கிவிட்டால் பேச்சு நின்றுவிடும். அப்படி ஊரையே அமைதியாக உட்கார வைத்தவர்தான் நாதஸ்வர மேதை காருகுறிச்சி அருணாசலம். அவருடைய கதையைத்தான் இந்த வாரம் படிக்கப் போகிறோம்.

தாமிரபரணிக் கரையில்...

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கு அருகே இருக்கிறது காருகுறிச்சி. தாமிரபரணித் தண்ணீர் பாய்கிற பச்சைப் பசேல் ஊர். மண்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊரும்கூட. பொங்கல் சமயத்தில் இங்கே செய்யும் பானைகள் பல ஊர்களுக்கும் போகும். இந்த ஊரில் 1921ஆம் ஆண்டு பிறந்தார் அருணாசலம்.

அந்தக் காலத்தில் நாதஸ்வரம் என்றாலே எல்லோருக்கும் தஞ்சாவூர்ச் சீமைதான் நினைவுக்கு வரும். காவிரிக் கரையில் கோயிலுக்குக் கோயில் பெரிய வித்வான்கள் இருந்தார்கள். தாத்தா, அப்பா, பிள்ளை என்று பரம்பரை பரம்பரையாக வாசித்து வந்தார்கள். தெற்கே நெல்லைச் சீமையில் பிறந்த ஒரு பையன் அவர்களுக்குச் சமமாக வர முடியும் என்று யார்தான் நினைத்திருப்பார்கள்?

ஆனாலும் சிறுவன் அருணாசலம் மனம் தளரவில்லை. களக்காடு சுப்பையா பாகவதரிடம் வாய்ப்பாட்டுக் கற்றுக் கொண்டார். சுத்தமல்லி சுப்பையா கம்பரிடம் நாதஸ்வரம் பயின்றார்.

நாதஸ்வரம் வாசிக்க வேண்டியவர் எதற்காகப் பாட்டுக் கற்றுக் கொள்ள வேண்டும் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி! நாதஸ்வரத்தில் வாசிப்பதை முதலில் வாயால் பாடிப் பார்க்க வேண்டும். எந்த ஸ்வரம் எவ்வளவு அசைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும், எங்கே வழுக்கிக் கொண்டு போக வேண்டும் என்பதெல்லாம் பாடிப் பழகினால்தான் மனசில் பதியும். மனசில் இருப்பதுதான் விரலுக்கு வரும். பின்னாளில் அருணாசலத்தின் நாதஸ்வரம், ஒருவர் பாடுவதைப் போலவே ஒலித்ததற்கு இந்த அஸ்திவாரம்தான் காரணம்.

மூச்சுதான் மூலதனம்

நாதஸ்வரம் சுலபமான வாத்தியம் இல்லை. வயலினில் வில் இருக்கிறது. வீணையில் தந்தி இருக்கிறது. ஹார்மோனியத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனித்தனிக் கட்டை இருக்கிறது. நாதஸ்வரத்திலோ எல்லாமே வாசிப்பவருடைய மூச்சுதான்!

நீளமான மரக்குழலில் விரல் வைக்க ஏழு துளைகள். வாயில் வைத்து ஊதுவதற்குச் சீவாளி. ஒரே துளையை மூடித் திறக்கும்போதே, மூச்சைக் கொஞ்சம் கூட்டினால் ஒரு ஒலி, குறைத்தால் வேறு ஒலி. உதட்டை இறுக்கினால் ஒன்று, தளர்த்தினால் இன்னொன்று. கொஞ்சம் தவறினாலும் அபஸ்வரம் கிளம்பிவிடும்.

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்களேன். மூச்சை நன்றாக இழுத்துக் கொண்டு, குரல் நடுங்காமல் ஒரே அளவில் 'ஆ' என்று சொல்லுங்கள். எத்தனை விநாடி தாக்குப் பிடிக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். சரி, இதையே சீவாளிக்குள் காற்றை அழுத்திக் கொண்டு, விரல்களையும் வேகமாக அசைத்துக் கொண்டு, இரவெல்லாம் செய்ய வேண்டும் என்றால்? அதற்குத்தான் வருடக் கணக்கில் சாதகம் செய்வார்கள். சாதகம் என்றால் விடாமல் செய்யும் பயிற்சி.

சிங்கத்திடம் சீடர்

அந்த நாளில் நாதஸ்வர உலகின் சக்கரவர்த்தி யார் தெரியுமா? திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை. தோடி ராகம் என்றால் ராஜரத்தினம், ராஜரத்தினம் என்றால் தோடி என்று சொல்வார்கள். 1947ஆம் ஆண்டு நாடு விடுதலை பெற்றபோது டெல்லிக்குப் போய் வாசித்தவர் அவர்தான்.

அவர் வெறும் கலைஞர் மட்டும் இல்லை, போராளியும்கூட. முன்பெல்லாம் நாதஸ்வரக்காரர்கள் பெரிய மனிதர்கள் முன்னால் சட்டை போடாமல், துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு, நின்றபடி வாசிக்க வேண்டும். பாட்டுக் கச்சேரி செய்பவர்களுக்கு மேடை, நாயனம் வாசிப்பவர்களுக்குத் தெரு என்ற நிலை இருந்தது. ராஜரத்தினம் அதை ஏற்கவில்லை. மேடை போட வேண்டும், உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று உறுதியாக நின்றார். கலைஞனுக்கு மரியாதை வேண்டும் என்பதில் அவர் சிங்கம்.

அந்தச் சிங்கம் நெல்லைச் சீமைக்கு வாசிக்க வந்தபோது, இளைஞர் அருணாசலத்துக்கு அவருடன் சேர்ந்து வாசிக்கும் வாய்ப்புக் கிடைத்தது. அந்த வாசிப்பு ராஜரத்தினத்துக்குப் பிடித்துப் போய்விட்டது. அருணாசலத்தைத் தன் சீடராகச் சேர்த்துக் கொண்டார்.

நாதஸ்வரக் கச்சேரியில் இரண்டு நாதஸ்வரங்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் ஒருவர் வாசிப்பார், அடுத்தவர் அதைத் தொடர்வார். குருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும் சீடருக்கு இது பெரிய பாடம், பெரிய பரீட்சையும்கூட! குரு அடுத்து என்ன வாசிப்பார் என்று முன்கூட்டித் தெரியாது. ராகத்தை அந்த நிமிடத்தில் மனசிலிருந்து வாசிப்பார். சீடர் அதைக் காதில் வாங்கி, அதே அழகு குறையாமல் தொடர வேண்டும். குருவை மிஞ்சுவது போலவும் இருக்கக் கூடாது, சோர்ந்து போகவும் கூடாது. பாடப் புத்தகம் கிடையாது, நோட்டு கிடையாது, கேட்பதுதான் படிப்பு. அருணாசலம் அப்படிக் கேட்டுக் கேட்டே வளர்ந்தார்.

குருவின் பாணி அவருடைய விரல்களில் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஆனால், குணத்தில் இருவரும் வேறு வேறு. குருவுக்குக் கம்பீரமும் கோபமும் அதிகம். சீடர் சாந்தமானவர், எல்லோரிடமும் எளிமையாகப் பழகுகிறவர். பிறகு அருணாசலம் தனியாகக் குழு அமைத்து வாசிக்கத் தொடங்கினார். 1956ஆம் ஆண்டு ராஜரத்தினம் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற இடத்தில் ரசிகர்கள் அருணாசலத்தை வைத்துப் பார்த்தார்கள்.

கோவில்பட்டிக்கு வந்தார்

புகழ் பெற்ற கலைஞர்கள் அந்த நாளில் என்ன செய்வார்கள்? சென்னைக்குக் குடி போவார்கள். இல்லையென்றால் காவிரிக் கரையிலேயே இருப்பார்கள். அருணாசலம் எங்கே வீடு கட்டிக் குடியேறினார் தெரியுமா? கோவில்பட்டியில்!

கோவில்பட்டி இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது. அப்போது அது திருநெல்வேலி மாவட்டம். சுற்றிலும் கரிசல் காடு. கரிசல் என்றால் கறுப்பு மண். மழை பெய்தால் சேறாகிக் காலோடு ஒட்டிக் கொள்ளும். வெயில் அடித்தால் பாளம் பாளமாக வெடிக்கும். ஆறும் இல்லை, பெரிய வாய்க்காலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழையை நம்பித்தான் பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மிளகாய் எல்லாம். மழை பொய்த்தால் வெள்ளாமையும் இல்லை. அதனால்தான் தீப்பெட்டித் தொழிலும் பஞ்சாலைகளும் இங்கே வளர்ந்தன. கடலை மிட்டாய் என்றதும் உங்களுக்கு நினைவுக்கு வருவதும் இதே கோவில்பட்டிதான்!

வானம் பார்த்த பூமி என்றாலும் இசைக்கு இங்கே பஞ்சம் இல்லை. கோவில்பட்டிக்குக் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டரில் எட்டயபுரம். அது பாரதியார் பிறந்த ஊர் என்று உங்களுக்குத் தெரியும். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835ஆம் ஆண்டு மறைந்ததும் அங்கேதான். அவர் நினைவிடம் இன்றும் அங்கே இருக்கிறது. அவர் வழியில் வந்த சுப்பராம தீட்சிதர், அபூர்வமான பாடல்களை எல்லாம் திரட்டி, 1904இல் எட்டயபுரத்திலிருந்து ஒரு பெரிய இசை நூலை வெளியிட்டார்.

கொஞ்ச தூரத்தில் விளாத்திகுளம். அங்கே விளாத்திகுளம் சுவாமிகள் என்று ஒரு மகா வித்வான் இருந்தார். ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடக் கூடியவர். அருணாசலம் அவரைப் பெரிதும் மதித்துப் போற்றினார். கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் கிராமம். எழுத்தாளர்கள் கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் அந்த ஊர்க்காரர்கள். இருவருக்கும் சங்கீதம் என்றால் உயிர். அருணாசலத்தின் நாயனத்துக்கு இருவருமே ரசிகர்கள்.

தெருவே சபா

இப்போது ஒரு காட்சியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள்.

கரிசல் கிராமம் ஒன்றில் கோயில் கொடை. சாமி புறப்பாடு. பெட்ரோமாக்ஸ் விளக்குகள் புஸ்ஸென்று எரிகின்றன. பகலெல்லாம் பருத்திக் காட்டில் வேலை செய்தவர்கள் குளித்துவிட்டு, பிள்ளைகளைத் தோளில் தூக்கிக் கொண்டு வந்திருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் மாட்டு வண்டி கட்டிக் கொண்டு வந்திருக்கிறார்கள். தெருவே நிரம்பி வழிகிறது.

முதலில் தவில் முழங்கும். பிறகு அது அடங்கும். நாதஸ்வரத்தில் மெதுவாக ஒரு ராகம் கிளம்பும். அது ஷண்முகப்பிரியாவா, கரகரப்பிரியாவா என்று அங்கே பல பேருக்குப் பெயர் தெரியாது. ஆனால், மனசை என்னவோ செய்கிறது என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ராகம் வளரும், விரியும், உச்சிக்குப் போகும், திரும்ப இறங்கி வரும். தூரத்தில் காட்டுக் காவலுக்குப் படுத்திருப்பவர் காதிலும் அது விழும். நாதஸ்வரத்துக்கு ஒலிபெருக்கி தேவையில்லையே!

இதில்தான் அருணாசலத்தின் பெருமை இருக்கிறது. சபாவில் சீட்டு வாங்கிக் கேட்பவர்களுக்கு ஒரு வாசிப்பு, தெருவில் துண்டை விரித்து உட்கார்ந்து கேட்பவர்களுக்கு வேறு வாசிப்பு என்று அவர் வைத்துக் கொள்ளவில்லை. இவர்களுக்கு இது புரியுமா என்று யோசிக்கவும் இல்லை. சுத்தமான, உயர்ந்த சங்கீதத்தைக் கரிசல் காட்டு ஜனங்கள் முன்னால் அப்படியே வைத்தார். அவர்களும் அதை அப்படியே வாங்கிக் கொண்டார்கள். தஞ்சாவூர்ச் சொத்து என்று நினைத்திருந்த நாயனம், கரிசல்காரர்களின் சொத்தும் ஆயிற்று. குரு கலைஞனுக்கு மேடை வாங்கித் தந்தார். சீடரோ தெருவையே மேடையாக உயர்த்திக் காட்டினார்.

சென்னைக் கச்சேரிகள், வானொலி, இசைத்தட்டுகள், இலங்கைப் பயணம் என்று அவர் புகழ் பரவியது. ஆனாலும் வீடு கோவில்பட்டியில்தான்.

குரலோடு ஓடிய குழல்

1962ஆம் ஆண்டு 'கொஞ்சும் சலங்கை' என்ற வண்ணப் படம் வெளியானது. அதில் ஜெமினி கணேசன் நாதஸ்வரக் கலைஞராக நடித்தார். ஆனால், திரைக்குப் பின்னால் உண்மையில் வாசித்தவர் நம் அருணாசலம்.

அந்தப் படத்தில் வரும் 'சிங்கார வேலனே தேவா' பாடலை உங்கள் வீட்டுத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள், உடனே முகம் மலரும். ஆபேரி ராகத்தில் அமைந்த பாடல் அது. கு.மா.பாலசுப்பிரமணியம் எழுதினார். எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையமைத்தார். எஸ்.ஜானகி பாடினார்.

இதில் என்ன கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். நாதஸ்வரம் தெருக்கோடி வரை கேட்கும் வாத்தியம். மனிதக் குரலோ மென்மையானது. இரண்டையும் சேர்த்தால் குரல் அமுங்கிவிடும். அதனால் நாதஸ்வரத்துடன் சேர்ந்து பாடத் துணிபவர்கள் குறைவு. அப்போது இருபதுகளில் இருந்த ஜானகி துணிந்தார். அருணாசலம் தன் நாதஸ்வரத்தைக் குரலைப் போலக் குழைய வைத்தார். நாதஸ்வரம் ஒரு வரி வாசிக்கும், குரல் அதைப் பிடித்துக் கொள்ளும். குரல் ஓடும், நாதஸ்வரம் துரத்தும். கடைசியில் இரண்டும் கை கோத்துக் கொண்டு ஓடும். எது குழல், எது குரல் என்றே பிரித்துச் சொல்ல முடியாது!

நாதஸ்வரக் கச்சேரிக்கே போகாதவர்கள் வீட்டிலும் அந்தப் பாட்டு வானொலி வழியாக நுழைந்தது. காருகுறிச்சி என்ற சின்ன ஊரின் பெயர் தமிழ்நாடு முழுவதும் தெரிந்தது.

பாதியில் நின்ற ராகம்

ஆனால், அந்தப் புகழை நெடுநாள் அனுபவிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. படம் வந்து இரண்டே ஆண்டுகள். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், தமது நாற்பத்து மூன்றாவது வயதில் அருணாசலம் காலமானார். குரு மறைந்த பிறகு அவருக்குக் கிடைத்தது எட்டு ஆண்டுகள்கூட இல்லை.

இன்னும் எத்தனையோ ஆண்டுகள் வாசித்திருக்க வேண்டியவர். நல்ல வேளையாக வானொலிப் பதிவுகளும் இசைத்தட்டுகளும் அந்த நாதத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. கோவில்பட்டியில் அவருக்குச் சிலையும் உண்டு. 2021ஆம் ஆண்டு அவருடைய நூற்றாண்டு நிறைவடைந்தது. அவர் மறைந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனபோதும் அவர் வாசிப்பைத் தேடிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள்.

நண்பர்களே! இனி கல்யாண வீட்டுக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். விளையாட்டை ஐந்தே நிமிடம் நிறுத்திவிட்டு, நாதஸ்வர மேடைக்கு முன்னால் போய் உட்காருங்கள். வாசிப்பவரின் கன்னத்தையும் விரல்களையும் கவனியுங்கள். பாட்டு முடிந்ததும் கை தட்டுங்கள். அந்தக் கலைஞரின் முகத்தில் ஒரு புன்னகை வரும் பாருங்கள்! பெயர் தெரியாத ராகத்தைக் கேட்டு மயங்கி நின்ற கரிசல் காட்டு ஜனங்களைப் போல, நீங்களும் நல்ல ரசிகர்தான்!

தெரிந்து கொள்வோமா?

* நாதஸ்வரத்தை ஆச்சா மரத்தில் கடைந்து செய்வார்கள். கும்பகோணம் பக்கத்தில் உள்ள நரசிங்கம்பேட்டை இதற்குப் பெயர் பெற்றது. அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு அது 2020இலேயே கிடைத்துவிட்டது!

* முன்பு வழக்கத்தில் இருந்த குட்டையான நாதஸ்வரத்துக்குத் திமிரி என்று பெயர். ஒலி கீச்சென்று உயர்ந்து கேட்கும். ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான, கனமான நாதம் தரும் நாதஸ்வரம் செய்து கொடுத்தார். இதைப் பாரி நாதஸ்வரம் என்பார்கள்.

* நாதஸ்வரக் குழுவில் ஒருவர் ஒத்து என்ற குழலில் ஒரே ஸ்வரத்தை இடைவிடாமல் ஊதிக் கொண்டே இருப்பார். கன்னத்தில் காற்றை அடக்கி, அதை வெளியே விடும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக் கொள்வார். ஒருவர் சொல்வதற்கெல்லாம் ஆமாம் போடுகிறவரை 'ஒத்து ஊதுகிறார்' என்கிறோமே, அது இதிலிருந்து வந்ததுதான்.

* சாக்ஸபோனும் நாதஸ்வரமும் ஒரு வகையில் உறவுக்காரர்கள். இரண்டிலுமே நாணல் போன்ற தட்டையின் துண்டு காற்றில் அதிர்ந்துதான் ஒலி பிறக்கிறது. பெல்ஜியம் நாட்டைச் சேர்ந்த அடால்ஃப் சாக்ஸ் 1840களில் சாக்ஸபோனை உருவாக்கினார். அமெரிக்காவின் பருத்திக் காடுகளில் பாடுபட்ட கறுப்பின மக்களிடம் ப்ளூஸ் என்ற இசை பிறந்தது. பின்னாளில் ப்ளூஸிலும் ஜாஸிலும் சாக்ஸபோன் பெரிய இடம் பிடித்தது.

* அதே சாக்ஸபோனைக் கர்நாடக இசைக்குக் கொண்டு வந்து புகழ் பெற்றவர் கத்ரி கோபால்நாத். 2019ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய அப்பா என்ன வாத்தியம் வாசித்தார் தெரியுமா? நாதஸ்வரம்தான்!